பாரதியார் வாழ்ந்த வீடும் உப்பளமும்

நவம்பர் 2-ஆம் நாள் இறந்தோர் நினைவு நாளில் புதுச்சேரி இறைமக்கள் பலர் மெழுகுதிரியும் பூவுமாக உப்பளம் கல்லறைத் தோட்டத்திற்குப் போவது வழக்கம். ரயில் நிலையத்திற்கு அருகே வானுயர்ந்து நிற்கும் திரு இருதய ஆண்டவர் பேராலயத்தில் திருப்பலி கண்டுவிட்டு அந்தப் பக்கமாக நடந்து போகிறவர்களும் உண்டு. அப்படி உப்பளத்துக்குப் போய்வருகிற நம்மில் எத்தனை பேருக்கு, அதே உப்பளத்தில் உள்ள ஓர் எளிய மாரியம்மன் கோயிலுக்காக மகாகவி பாரதியார் பாடல் எழுதினார் என்பது தெரியும்? அந்தப் பாடலுக்கும், ஈசுவரன் தருமராஜா கோயில் தெருவில் இன்று செப்பனிட்டுப் பாதுகாக்கப்படும் அவருடைய வீட்டிற்கும் இடையே ஓர் இளைஞர் நிற்கிறார். அவரைப் பற்றிச் சொல்லவே இந்தக் கட்டுரை. ஆனால் அவரிடம் போய்ச் சேர, முதலில் பாரதியாரின் வாழ்க்கையைக் கொஞ்சம் பார்த்தாக வேண்டும்.

நம் பேராலயம் எழுப்பப்பட்டு மந்திரிக்கப்பட்டது 1907-ஆம் ஆண்டில். (பசிலிக்கா என்ற பெருமை அதற்கு 2011-இல்தான் கிடைத்தது.) அந்தப் புதிய கோபுரங்களின் சுண்ணாம்பு வெள்ளை மங்குவதற்கு முன்பே, 1908-இன் பிற்பகுதியில், சென்னையிலிருந்து ரயிலேறி ஓர் இளைஞர் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தார். வயது இருபத்தைந்து. அவரைக் கைது செய்ய ஆங்கிலேய அரசு தேடிக்கொண்டிருந்தது.

சுப்பிரமணிய பாரதியார் 1882 டிசம்பர் 11 அன்று எட்டயபுரத்தில் பிறந்தவர். ஐந்து வயதில் தாயை இழந்தார். தந்தை சின்னசாமி ஐயர் மகன் கணிதமும் ஆங்கிலமும் கற்றுப் பெரிய உத்தியோகம் பார்க்க வேண்டுமென்று விரும்பினார். மகனுக்கோ தமிழ்ப் பாட்டில்தான் மனம். சிறுவனாக இருந்தபோதே எட்டயபுரத்தில் பாரதி என்னும் பட்டம் கிடைத்தது. 1897-இல் செல்லம்மாளுடன் திருமணம். மறு ஆண்டே தந்தையும் மறைந்தார். காசியில் அத்தை வீட்டில் சில ஆண்டுகள். திரும்பி வந்து எட்டயபுரம் அரண்மனையில் வேலை, 1904-இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதம் தமிழாசிரியர், அந்த ஆண்டின் இறுதியில் சென்னையில் சுதேசமித்திரன் நாளிதழில் துணையாசிரியர். 1906-இல் இந்தியா என்னும் வார இதழ் தொடங்கியபோது அதற்கு உயிராக இருந்தவர் அவரே. 1908-இல் அந்த இதழின் மீது அரசத் துரோக வழக்குப் பாய்ந்தது. சட்டப்படி ஆசிரியராகப் பெயர் பதிவு செய்திருந்த மற்றொருவர் சிறை சென்றார். நண்பர்கள் வற்புறுத்தியதால் பாரதியார் பிரெஞ்சு எல்லைக்குள் வந்தார். தமக்குப் பதிலாக ஒருவர் சிறையில் இருக்கத் தாம் தப்பி வந்தது சரிதானா என்ற கேள்வி அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அவர் தப்பி வந்ததால்தான் தமிழுக்குப் பாஞ்சாலி சபதமும் கண்ணன் பாட்டும் குயில் பாட்டும் கிடைத்தன என்பதும் உண்மை.

புதுச்சேரியில் முதலில் அவருக்கு வீடு கிடைப்பதே பெரும்பாடாயிற்று. போலீஸ் தேடும் ஆளுக்கு யார் இடம் கொடுப்பார்கள்? இடம் கொடுத்தவர்களையும் மிரட்ட ஆள் வந்தது. நண்பர் ஒருவரின் ஏற்பாட்டில் தங்கி, பிறகு வேறொரு வீடு, அங்கிருந்து இன்னொன்று என்று மாறினார். இந்தியா இதழ் 1908 அக்டோபர் முதல் இங்கிருந்தே வெளிவந்தது. ஆனால் ஆங்கிலேயர் தங்கள் எல்லைக்குள் அது நுழையாதபடி தடுத்தார்கள். வாசகர்கள் எல்லாரும் எல்லைக்கு அப்பால் இருக்க, பத்திரிகை எத்தனை நாள் தாங்கும்? 1910-இல் நின்றுபோயிற்று. அதே ஆண்டு ஏப்ரலில் அரவிந்தரும் பின்னர் வ.வே.சு. ஐயரும் இங்கு வந்து சேர்ந்தார்கள். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் ஆஷ் துரை சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு ஒற்றர்களின் எண்ணிக்கை கூடிற்று. தெருமுனையில் ஒருவன், எதிர்த் திண்ணையில் ஒருவன். தபாலும் பத்திரமில்லை, கடிதங்கள் பிரித்துப் படிக்கப்பட்டன. எழுத்துக்குக் கூலி வரும் வழி அடைபட்டது. மனைவி, இரண்டு பெண் குழந்தைகள், எந்நேரமும் வந்து போகும் நண்பர்கள் என்றிருந்த வீட்டில் அரிசிப் பானை பல நாள் காலியாக இருந்தது. செல்லம்மாள் கடனாக வாங்கி வைத்திருந்த அரிசியை முற்றத்துக் குருவிகளுக்கு அவர் இறைத்த கதையை நாம் பள்ளிப் பாடமாகவே படித்திருக்கிறோம். கவிஞரைப் பாராட்டுவதற்காகவே அந்தக் கதை எப்போதும் சொல்லப்படுகிறது. அன்று மாலை அடுப்பு எப்படி எரிந்தது என்று செல்லம்மாளைக் கேட்டிருந்தால் கதை வேறு மாதிரி இருந்திருக்கும்.

வாடகை பாக்கிக்காக அவரை நெருக்காத வீட்டுக்காரர் ஒருவர் இருந்தார். விளக்கெண்ணெய்ச் செட்டியார் என்று ஊரார் வைத்த பெயரிலேயே வரலாற்றில் நிலைத்துவிட்டார். அம்மாக்கண்ணு என்ற வேலைக்காரப் பெண்மணி, கூலி கிடைக்குமா கிடைக்காதா என்று பாராமல் அந்தக் குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தார். கவிஞர்களின் வாழ்க்கை வரலாற்றில் இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு வரிதான் கிடைக்கிறது.

இனி, வீட்டுக்கு வருவோம். புதுச்சேரியின் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் பகுதி, மேற்கே தமிழர் பகுதி என்று பிரிந்திருந்த காலம் அது. கடற்கரைப் பக்கத்து வீடுகளுக்கு உயர்ந்த மதில், உள்ளே தோட்டம், வெளியாளுக்கு எதுவும் தெரியாது. தமிழர் பகுதி வீடுகளோ தெருவைப் பார்த்தே உட்கார்ந்திருக்கும். தெரு நெடுகத் திண்ணை, அதற்கு மேல் மரத்தூண்கள் தாங்கும் சாய்ந்த ஓட்டுக் கூரை. வழிப்போக்கர் யாரும் அதில் உட்காரலாம். உள்ளே நுழைந்தால் முற்றம். வானமும் வெளிச்சமும் வீட்டுக்குள் இறங்கும் இடம் அதுதான். இரு பண்பாடுகளும் கலந்த வீடுகளும் நிறைய உண்டு. கீழ்த்தளம் தமிழ் முறையிலும் மாடி பிரெஞ்சு முறையில் வளைவுச் சன்னல்களோடும் இருக்கும்.

இந்த வீடுகளைக் காப்பாற்றுவது எளிய வேலையல்ல. கடற்கரை ஊரின் பெரிய எதிரி உப்பு. ஈரத்தோடு சுவருக்குள் ஏறி, காய்ந்தபின் வெள்ளை வெள்ளையாகப் பூத்து, சாந்தைப் பொடிப் பொடியாக உதிர்க்கும். பழைய செங்கல் சுவர் சுண்ணாம்புச் சாந்தால் கட்டப்பட்டது. சுண்ணாம்பு மூச்சு விடும். உள்ளே போன ஈரம் வெளியே வரும். அதன்மேல் சிமெண்ட்டைப் பூசினால் பார்ப்பதற்குப் பளபளவென்று இருக்கும், ஆனால் ஈரம் உள்ளேயே அடைபட்டுச் சுவர் உள்ளிருந்து கரையும். நல்லெண்ணத்தோடு சிமெண்ட் பூசியே பல பழைய வீடுகளை நாம் கொன்றிருக்கிறோம். நம் சிற்றூர்க் கோயில்கள் சிலவும் இதற்குத் தப்பவில்லை என்பதைப் பங்குப் பேரவையினர் கவனிக்கலாம். கூரைகளோ மெட்ராஸ் டெரஸ் எனப்படும் முறையில் போடப்பட்டவை. தேக்கு உத்திரங்களின் குறுக்கே கட்டைகள் அடுக்கி, அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாகச் சாய்வு வரிசையில் சுண்ணாம்பில் பதித்து, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்து இறுக்குவார்கள். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்துச் சாந்து குழைக்கத் தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டார்கள். ஒரு பழைய வீட்டைச் செப்பனிடுவது என்றால் அந்தக் கைகளைத் தேடிப் பிடிப்பதும் சேர்ந்ததுதான்.

இன்டாக் என்னும் பாரம்பரியக் காப்பு அமைப்பு புதுச்சேரியில் இந்தப் பணியைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறது. வைசியாள் வீதி என்று நாம் சொல்லும் கலவை சுப்பராயச் செட்டியார் வீதியில் திண்ணைகளும் தூண்களும் வரிசையாக மீண்டு நிற்பதை இன்றும் காணலாம். பாரதியார் வாழ்ந்த ஈசுவரன் தருமராஜா கோயில் தெரு வீட்டை அரசு நினைவகமாக்கிக் காத்து வந்தது. அதுவும் நாளடைவில் தளர்ந்துபோக, 2010-களில் மூடிவைத்துப் பழைய முறைப்படி செப்பனிட்டு மீண்டும் திறந்தார்கள். இதன் அருமை புரிய வேண்டுமானால் கடற்கரையில் இருந்த மேரி கட்டடத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். பல ஆண்டு கவனிக்கப்படாமல் கிடந்த அந்தக் கம்பீரமான நகராட்சி மாளிகை 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. பிறகு அதே வடிவில் புதிதாகக் கட்டி 2021-இல் திறந்தார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது பழைய மேரி அல்ல, அதன் சாயல். பாரதியார் வீட்டில் நாம் தொடுவது பழைய சுவர்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பாரதியார் புதுச்சேரியில் பத்தாண்டும் ஒரே வீட்டில் இருக்கவில்லை. 1916 நவம்பரில் இந்த ஊரைப் பெரும் புயல் தாக்கியது. தென்னந்தோப்புகள் படுத்தன, குடிசைகள் பறந்தன. அதற்குச் சற்று முன்புதான் அவர் குடும்பம் வீடு மாறியிருந்தது. விட்டுவந்த வீடு புயலில் சிதைந்துபோயிற்று. இன்னும் ஒரு நாள் அங்கே தங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவரே வியந்து பாடியிருக்கிறார். ஆகவே, செப்பனிட்ட வீட்டின் ஒவ்வொரு தூணையும் காட்டி இன்னது இங்கேதான் நடந்தது என்று சொல்லிவிட முடியாது. அவருடைய புதுச்சேரி வாழ்வு முழுவதற்கும் அடையாளமாக இந்த ஒரு வீடு நிற்கிறது. அப்படித்தான் அதைப் பார்க்க வேண்டும்.

அந்தப் பத்தாண்டில் அவர் வீட்டுக்குள் வந்துபோனவர்கள் பலர். பாவேந்தர் பாரதிதாசன் ஆகப்போகும் கனக சுப்புரத்தினம் வந்தார். மண்டயம் சீனிவாசாச்சாரியாரின் மகள் யதுகிரி சிறுமியாக வந்து விளையாடினார். பிற்காலத்தில் தம் நினைவுகளை நூலாக எழுதினார். அவர்களோடு கனகலிங்கம் என்ற இளைஞரும் வந்தார். தாழ்த்தப்பட்ட குலத்தவர். அக்காலத்துப் புதுச்சேரியில் உயர்சாதியார் வீட்டுத் திண்ணையில்கூட அவர் உட்கார முடியாது. யாரும் உட்காரலாம் என்று மேலே திண்ணையைப் புகழ்ந்தோமே, அந்த யாரும் என்ற சொல்லுக்கு அன்று ஓர் எல்லை இருந்தது. பாரதியார் வீட்டில் அந்த எல்லை இல்லை. கனகலிங்கம் திண்ணையைத் தாண்டி உள்ளே வந்தார், உடன் அமர்ந்தார், உண்டார்.

1913-இல் ஒருநாள் பாரதியார் அவரை வரச்சொன்னார். நண்பர்கள் கூடியிருந்தார்கள். சடங்கு முறைப்படி அவருக்குப் பூணூல் அணிவித்து, காயத்ரி மந்திரமும் உபதேசித்தார். இன்று முதல் நீயும் பிராமணன், எவர் கேட்டாலும் பாரதி போட்ட பூணூல் என்று தயங்காமல் சொல் என்பது அவர் கனகலிங்கத்துக்குச் சொல்லியனுப்பிய பொருள். இதில் வியப்பு என்னவென்றால், பாரதியார் தம் பூணூலை முன்பே களைந்துவிட்டவர். தமக்கு வேண்டாம் என்று கழற்றியதை இன்னொருவருக்கு ஏன் அணிவித்தார்? அங்கிருந்தவர்களுக்கும் இந்தக் கேள்வி எழாமல் இல்லை.

உப்பளம் இங்கேதான் வருகிறது. உப்பளத்தில் தேசமுத்துமாரி கோயில் என்று ஒன்று உண்டு. தாழ்த்தப்பட்ட மக்கள் வழிபட்ட கோயில். கனகலிங்கத்தோடு கொண்ட உறவினால் பாரதியார் அந்தக் கோயிலை நாடி வந்து, அந்த அம்மன்மேல் பாடல் எழுதினார். பெரிய கோயில்களைப் பாட வேறு எத்தனையோ புலவர்கள் இருந்தார்கள். ஊரின் தெற்கு ஓரத்தில், உப்பு விளைந்த மண்ணின் பெயரைத் தாங்கிய பகுதியில், ஒதுக்கப்பட்டவர்களின் கோயிலைத் தேடிப்போய்ப் பாடியவர் அவர். இன்று அந்தப் பாடலைக் கச்சேரி மேடைகளில் பாடுகிறார்கள். எந்தக் கோயிலுக்கு எழுதியது என்று பாடுகிறவர்களுக்குத் தெரிந்திருக்குமா என்பது ஐயமே.

கனகலிங்கம் அந்த உறவை மறக்கவில்லை. தம் குருநாதரைப் பற்றிப் பின்னாளில் ஒரு நூல் எழுதினார். பூணூல் அணிவித்த செய்தியை நாம் விரிவாக அறிவது அவர் எழுத்தால்தான்.

அந்தச் செயலை எல்லாரும் பாராட்டிவிடவில்லை. ஒருவரைச் சமமாக்க அவரைப் பிராமணனாக்க வேண்டுமா, அவர் இருக்கும் நிலையிலேயே சமம் இல்லையா என்று பிற்காலத்தில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அந்த நூலுக்கு மதிப்பு இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டுதானே அதைக் கொடுக்க முடியும்? ஆயினும் 1913-இல் தம் சொந்தச் சாதியாரின் பகையைச் சம்பாதித்துக்கொண்டு ஒருவர் இதைச் செய்தார் என்பதை இன்றைய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு குறைத்து மதிப்பிட நமக்கு மனம் வரவில்லை. அதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. அதே காலத்தில் நம் ஆலயங்கள் எப்படி இருந்தன என்று நாம் திரும்பிப் பார்த்தாக வேண்டும்.

நம் ஊரிலிருந்தே தொடங்கலாம். துய்ப்ளெக்சிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை ஓர் இந்து. அவர் தம் நாட்குறிப்பில் 1745-ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றைப் பதிவு செய்திருக்கிறார். சம்பா கோவில் என்று இன்றும் நாம் அழைக்கும் பேராலயம் இருக்குமிடத்தில் அன்று இருந்த சேசு சபையார் கோயிலுக்குள், தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களைப் பிரித்து வைக்க ஒரு சுவர் இருந்தது. அவர்கள் குருக்களிடம் போய், தாங்களும் அவர்களுடைய சீடர்கள்தானே என்று முறையிட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. உடனே உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் திரண்டு குருக்களோடு சண்டைக்கு நின்றார்கள்; கோயிலுக்கே வரமாட்டோம் என்றும் மிரட்டினார்கள். இதையெல்லாம் வெளியே நின்று பார்த்த ஓர் இந்து வணிகர் எழுதி வைத்ததால்தான் நமக்குத் தெரிகிறது.

அது பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் என்னும் ஊரில் 1872-இல் கட்டப்பட்ட திருக்குடும்ப ஆலயத்தை நம்மில் சிலர் பார்த்திருப்போம். ஒரு பீடம், அதிலிருந்து விரியும் இரண்டு நீண்ட கூடங்கள், நடுவே சுவர். ஒரு சாதியாருக்கு ஒரு கூடம். நற்கருணை ஒன்றுதான், அதை வாங்கும் இடம் மட்டும் இரண்டு. 1910-இல் கௌசானல் அடிகளார் அந்தச் சுவரை அகற்றினார். ஒரு சாராரோ வழக்குமன்றத்துக்குப் போனார்கள். சுவரை மீண்டும் கட்டித்தர வேண்டுமென்று வழக்கு! கனகலிங்கம் பாரதியார் வீட்டுக்குள் நுழைந்த ஆண்டுகளில் நம்முடைய நிலை இது. வடக்கன்குளத்தில் கண்ணுக்குத் தெரிய சுவர் எழுப்பினார்கள். வேறு பல ஊர்களில் சுவரில்லாமலேயே இந்தப் பக்கம் இவர்கள், அந்தப் பக்கம் அவர்கள் என்று பிரிந்து உட்கார்ந்தார்கள். கல்லறைத் தோட்டங்களையும் பிரித்தார்கள். சில ஊர்களில் அந்தக் கல்லறைச் சுவர்கள் நம் காலம் வரைக்கும் நின்றிருக்கின்றன என்பதையும் செய்தித்தாள் படிக்கிறவர்கள் அறிவார்கள்.

பாரதியாருக்குக் கிறிஸ்தவத்தோடு இருந்த உறவையும் நேர்மையாகவே சொல்ல வேண்டும். இயேசு கிறிஸ்துவைப் பற்றி அவர் தனிப் பாடல் எழுதியிருக்கிறார். சிலுவையில் மரித்து மூன்றாம் நாள் உயிர்த்ததையும், உயிர்த்தவரை மகதலேனா மரியாள் கண்டதையும் அதில் பாடுகிறார். ஆனால் நாம் நம்புகிற பொருளில் அல்ல. அன்பும் உண்மையும் மனித உள்ளத்தில் நிகழ்த்தும் மாற்றமாக, ஓர் உருவகமாக அதை விரிக்கிறார். ஒடுக்கப்பட்ட மக்கள் இந்து சமயத்தை விட்டுப் போவது அவருக்கு வருத்தம் தந்தது. அதற்காக அவர் கோபித்துக்கொண்டது பெரிதும் தம் சமூகத்தின் மேல்தான். அவமதித்துத் துரத்திவிட்டு, பிறகு ஏன் போனாய் என்று கேட்பது என்ன நியாயம் என்பது அவர் நிலை.

அவருடைய நண்பர் சுரேந்திரநாத் ஆர்யாவின் கதை இந்த வருத்தத்துக்கு நெருக்கமான சான்று. ஆர்யா 1908-இல் அரசத் துரோகக் குற்றத்துக்காகச் சிறை சென்றவர். துன்பக் காலத்தில் தம்மைத் தாங்கியவர்கள் கிறிஸ்தவ மறைப்பணியாளர்களே என்று கண்டு அவர் கிறிஸ்தவரானார், அமெரிக்காவுக்கும் சென்றார். பாரதியாருக்கு இது நெஞ்சில் முள்ளாகவே இருந்தது. ஆனால் நட்பு அறுந்துவிடவில்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்வோம். ஆர்யா மீண்டும் ஒருமுறை வருவார்.

பத்தாண்டுக்குப் பின் பாரதியாரால் பொறுக்க முடியவில்லை. உலகப் போர் முடிந்திருந்தது. 1918 நவம்பர் 20 அன்று புதுச்சேரி எல்லையைத் தாண்டினார். உடனே கைது செய்யப்பட்டுக் கடலூரில் சிறை வைக்கப்பட்டார். அரசியலில் ஈடுபடுவதில்லை, குறிப்பிட்ட பகுதியிலேயே வசிப்பது, எழுதுவதைக் காட்டி அனுமதி பெறுவது போன்ற நிபந்தனைகளை ஏற்று டிசம்பர் 14 அன்று விடுதலையானார். அவரை வீரராக மட்டுமே காண விரும்புகிறவர்கள் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுவார்கள். பத்தாண்டு வறுமையும் ஒற்றர் தொல்லையும் ஒரு மனிதரை எவ்வளவு தேய்த்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் நமக்கு அவர்மேல் மதிப்பு குறைவதில்லை.

மனைவியின் ஊரான கடையத்தில் அக்கிரகாரத்தார் அவரை ஒதுக்கினார்கள். எல்லாச் சாதியாரோடும் உண்டு பழகியவருக்குச் சொந்தத் தெருவிலேயே இடமில்லை. 1920-இல் மீண்டும் சென்னைக்கு வந்து சுதேசமித்திரனில் சேர்ந்தார். 1921-இல் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் யானை அவரைத் தள்ளிவிட்டது. அடியிலிருந்து தேறினாலும் உடல் முன்போல் இல்லை. வயிற்றுக் கடுப்பு நோய் வந்து, செப்டம்பர் 11 நள்ளிரவு கடந்த நேரத்தில் உயிர் பிரிந்தது. முப்பத்தெட்டு வயது. சவ ஊர்வலத்தில் வந்தவர்கள் இருபது பேர்கூட இல்லை என்று உடனிருந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சுடுகாட்டில் இரங்கல் உரையாற்றியவர்களில் ஒருவர் சுரேந்திரநாத் ஆர்யா.

அவர் போன பிறகு செல்லம்மாள் பட்ட பாடு தனிக் கதை. கணவரின் நூல்களை அச்சிட்டு விற்றுக் குடும்பத்தை நடத்த முயன்று கடனில் மூழ்கினார். அவர் பாடல்களைத் தமிழ்நாடே பாடத் தொடங்கியபோது குடும்பத்தின் கையில் பெரிதாக ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. 1949-இல் சென்னை மாகாண அரசு அந்த நூல்களின் உரிமையை விலைக்கு வாங்கி, பின்னர் பொதுவுடைமையாக்கியது.

புதுச்சேரிக்குத் திரும்புவோம். அந்த வீட்டைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் மாணவர்கள், வெளியூர்ச் சுற்றுலாப் பயணிகள். உள்ளூர்க்காரர்களான நாம் எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்றே போகாமல் இருந்துவிடுகிறோம். உள்ளே அவருடைய படங்களும் கையெழுத்துகளும் நூல்களும் இருக்கின்றன. பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, பழைய திண்ணைகள் இன்னும் சில மிஞ்சியிருக்கும் தெரு. பார்த்துவிட்டுத் தெற்கு நோக்கி நடந்தால் சம்பா கோவில் குறுக்கிடும். சுவர் எழுந்ததும் விழுந்ததும் அந்த வளாகத்தில்தான். அங்கிருந்து திரு இருதய ஆண்டவர் பேராலயம் வரைக்கும் நடந்து, அதையும் கடந்தால் உப்பளம் வந்துவிடும். வழி கேட்டால் தேசமுத்துமாரி கோயிலைக் காட்ட அங்கே ஆள் இருப்பார்கள். நடக்கக்கூடியவர்களுக்கு எல்லாம் ஒரு காலைப் பொழுதில் முடியும் தூரம்தான். வெயில் ஏறும் முன் புறப்படுவது நல்லது.